அப்பாவின் படம்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். நாலு பக்கம். முதல் இரண்டு பக்கம் நீலப் பேனா, மற்ற இரண்டும் கறுப்பு. நடுவில் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார் போல. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 45. அரச அலுவலகம் ஒன்றில் வேலை. மகளுக்கு 11, இந்த வருடம் தரம் 6. மகனுக்கு 7. இவர் பிறந்து வளர்ந்தது கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, அந்தக் காலத்தில் கரண்ட் வராத ஒரு கிராமம். 1989இல் சவுதியிலிருந்து லீவில் வந்த ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் பிடித்து, ரிவியும் டெக்கும் வைத்து, ஊருக்கெல்லாம் படம் போட்டாராம். முதலில் ஒரு எம்.ஜி.ஆர். படம். அது முடிந்தும் சனம் எழும்பாமல் இருக்கவே, பெட்டிக்குள் கிடந்த இன்னொரு கசற்றையும் போட்டார்கள். அது ஆங்கிலப் படம்: தொப்பியும் சவுக்குமாக ஒருவர், கூடவே ஒரு சின்னப் பொடியன், சுரங்கம், கயிற்றுப் பாலம். ‘இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ என்ற பெயர் இவருக்குத் தெரியவந்தது பல வருடம் கழித்து.

முற்றத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் விளங்காது. இவருடைய அப்பாவுக்கும் விளங்காது. ஆனாலும் அப்பா விடாமல் கதை சொல்லிக்கொண்டே வந்தார். “வெள்ளைக்காரன் கோணேசர் கோயில் லிங்கத்தைக் களவெடுத்துக்கொண்டு போயிட்டான். இவர் நல்ல வெள்ளைக்காரர், அதைத் தேடிக் கொண்டுவாறார். கூட வாற சின்னன் எங்கட ஊர்ப் பொடியன்.” நெருப்புக் குழிக்குப் பின்னால் நிற்கும் பெரிய சிலையை அப்பா ‘பூதம்’ என்றார். பயங்கரமான இடம் ஒன்று வந்தபோது இவருடைய தலையைத் தன் சாரத்துக்குள் இழுத்து மூடினார். பீடி மணமும் நீலச் சவர்க்கார மணமும் இன்னும் மூக்கில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். பாலம் அறுந்தபோது முற்றமே எழும்பி நின்றது. முடிவு நினைவில்லை, மடியிலேயே நித்திரையாகிவிட்டார். பக்கத்தில் இருந்த அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அடுத்த வரி இது: “90 ஆனியில அப்பா வெளியில போனவர், வரேல்லை.” அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. 2006இல் இடம்பெயர்ந்தபோது வீட்டில் இருந்த அல்பமும் போய்விட்டது. அப்பாவின் படம் ஒன்றுகூட மிச்சமில்லை.

போன மாதம் போயா லீவுக்கு, புதிதாக வாங்கிய பெரிய ரிவியில் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். கச்சான் வறுத்து வைத்து, லைற்றை அணைத்து, “ஒருத்தரும் கதைக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பாயில் இருத்திப் பின்னால் கதிரையில் அமர்ந்துகொண்டார். கனடாவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பலாம் என்று பிள்ளைகளின் முகத்தைப் போனில் வீடியோவும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மகள் திரும்பி, “அப்பா, இவை சிங்களம் கதைக்கினம்” என்றாள். “உஷ்.” பிறகு, “அப்பா, உது காளியம்மனா? எங்கட பத்திரகாளி அம்மன் கெட்டவவா?” என்று கேட்டாள். மறுபடியும் “உஷ்.” அதோடு அவள் தன் போனை எடுத்துவிட்டாள். பூசாரி, ஒருவனின் நெஞ்சுக்குள் கையை விட்டு இதயத்தை வெளியே எடுக்கிற இடத்தில் மகன் கத்திக்கொண்டு குசினிக்கு ஓடினான். இவருக்குக் கோபம் வந்தது. “உங்களுக்கு ஒண்டும் விளங்காது” என்று ரிவியை நிற்பாட்டினார்.

அன்று தொடக்கம் மகன் தனியே படுப்பதில்லை. இரவில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “அம்மா, என்ர இதயம் அடிக்குதா?” என்று கேட்கிறான். முதல் கிழமை ஒவ்வொரு இரவும், இந்தக் கிழமை இரண்டு இரவு. மனைவி அவனைப் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் நூல் கட்டிவிட்டார். இவர் அதை மூடநம்பிக்கை என்று சொல்ல, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இவர் என்னிடம் கேட்பது மூன்று கேள்விகள். மகனை மனநல வைத்தியரிடம் காட்ட வேண்டுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போன் கெடுத்துவிட்டதா? எப்படியாவது அந்தப் படத்தைப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கச் செய்ய வழி உண்டா?

அன்பின் தம்பி,

உங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள் என்பதால் அப்படியே அழைக்கிறேன். உங்கள் கடிதத்துக்காக அந்தப் படத்தை இரண்டு இரவு இருந்து மறுபடி பார்த்தேன். அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுகிற இடம் வரும் என்பதை மறந்து, இடியப்பத் தட்டோடு உட்கார்ந்தது என் பிழை.

முதலில் ஒரு விஷயம். இதயத்தை எடுக்கிற அந்தக் காட்சியை நீங்கள் ஒன்பது வயதில் பார்க்கவில்லை. உங்கள் கடிதமே அதைச் சொல்கிறது. ‘பயங்கரமான இடம்’ வந்தபோது உங்கள் தலை சாரத்துக்குள் இருந்தது. “நான் ஒன்பது வயதில் பயப்படாமல் பார்த்தேன், இவன் ஏழு வயதில் ஏன் இப்படி?” என்று மூன்றாம் பக்கத்தில் கேட்கிறீர்கள். நீங்கள் பார்த்தது உங்கள் அப்பா வெட்டித் திருத்திய படம். ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழில் தன் கதையைப் போட்டார். கூடாத இடத்தை மூடினார். காளியைக் காளி என்று சொல்லாமல் பூதம் என்றார். ஊர்ச் சனத்தில் ஒருவர், கோயிலுக்குப் போகிறவர். அந்தச் சிலையைக் கண்டதுமே பிள்ளைக்கு இதை வேறு பெயரில்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் மகனுக்குக் கிடைத்தது வெட்டாத படம். முன்னால் பெரிய ரிவி, பின்னால் போனைப் பிடித்தபடி அப்பா, நடுவில் பாயில் தனியே அவன்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாவின் ஒரு படமும் உங்களிடம் இல்லை. அதனால் இந்தப் படத்தையே அப்பாவின் படமாக்கி வைத்திருக்கிறீர்கள். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு எழும்பி ஓடினால், அப்பாவை விட்டு ஓடியது மாதிரித்தான் உங்களுக்கு இருந்திருக்கும். அன்று வந்த கோபம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அது பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. அப்பப்பாவைப் பற்றி அவர்களிடம் நீங்கள் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை.

மகனுடைய இரவுகள்

முதல் கிழமை ஏழு இரவு, இந்தக் கிழமை இரண்டு. குறைந்துகொண்டு போகிறது. இப்போதைக்கு வைத்தியரிடம் ஓடத் தேவையில்லை. ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால், விட்டிருந்த படுக்கையில் சலம் போகும் பழக்கம் திரும்பினால், பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று நின்றால், பகலிலும் அதே நினைப்பாக இருந்து சாப்பாடு குறைந்தால், அப்போது தாமதிக்க வேண்டாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போவதற்கு முன் கதைத்துப் பார்க்க விரும்பினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 எந்த நேரமும் இருக்கிறது. அங்கே போனால் பிள்ளைக்குப் பெயர் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஏழு வயதுப் பிள்ளை கனவு கண்டு பயப்படுகிறது என்று காட்டுவதற்கு எந்தப் பெயரும் வராது.

“அது படம்தான், உண்மையில்லை” என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கிறானில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டான். பிள்ளைகளும் பயமுறுத்தும் படங்களும் என்ற விஷயத்தைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியை ஜோஆன் கன்ரர் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். ஏழெட்டு வயதுவரை பிள்ளை கண்ணால் கண்ட தோற்றத்துக்குப் பயப்படும். வளர வளரத்தான் ‘இப்படி உண்மையில் நடக்குமா’ என்ற யோசனை முன்னுக்கு வரும். சின்னப் பிள்ளைக்கு விளக்கத்தைவிட அணைப்பு, சூடாக ஏதும் குடிக்கக் கொடுப்பது, கையில் பிடிக்க ஒரு பொருள் ஆகியவை கூடுதலாக உதவும். கடல்கோளுக்குப் பிறகு 2005இல் நான் முகாம்களில் பிள்ளைகளோடு வேலை செய்தேன். “கடல் இனி வராது” என்று பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கூடுதலாக அழுதார்கள். கையைப் பிடித்து, இன்றைக்குத் தென்னைவரை, நாளைக்கு மணல்வரை என்று கூட்டிப்போனபோது அழுகை குறைந்தது.

அவன் நெஞ்சில் கை வைத்துக் கேட்கிறானே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். “அடிக்குது, படு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்காதீர்கள். அவன் காதை உங்கள் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் காதை அவன் நெஞ்சில் வையுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு பேருடையதையும் எண்ணுங்கள். அவனுடையது வேகமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது வழமை. அவனுக்கு அது வெற்றியாகவும் இருக்கும். விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தடவி எண்ண விடுங்கள். இதற்குள்ளே ஒரு விரல்கூடப் போகாது என்று நீங்கள் சொல்லாமல், அவனுடைய விரலே கண்டுபிடிக்கட்டும்.

பகலில், இரவில் இல்லை, அந்தக் காட்சியைக் கீறச் சொல்லலாம். கீறிய பிறகு, “இப்ப என்ன நடக்கவேணும்? நீ சொல்லு” என்று முடிவை அவனிடம் விடுங்கள். அந்தப் பூசாரியைக் குரங்கு வந்து கடிக்கலாம், ஓட்டோ இடிக்கலாம். எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அவனை மட்டும் கோழை என்று நினைக்க வேண்டாம். 1984இல் அமெரிக்காவில் இந்தப் படம் வெளிவந்தபோது, பெற்றோரின் வழிகாட்டலோடு எந்தப் பிள்ளையும் பார்க்கலாம் என்ற தரத்தில்தான் வந்தது. பிள்ளைகளோடு போன பெற்றோர் கொதித்தார்கள், முக்கியமாக இந்த இதயக் காட்சிக்காக. இயக்குநர் ஸ்பில்பேர்க்கே இடையில் ஒரு தரம் வேண்டும் என்று கேட்டு, 13 வயது என்ற புதுத் தரம் அந்த வருடம் ஆடியிலேயே வந்தது. ஒரு நாட்டின் படத் தர முறையையே மாற்ற வைத்த காட்சிகளில் ஒன்று அது. உங்கள் பிள்ளை குசினிவரைதான் ஓடினான்.

மகள் கேட்ட இரண்டும்

போன் கெடுத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை வரிசையாகப் பாருங்கள். அவள் ஒரு கேள்வி கேட்டாள், ‘உஷ்’ என்றீர்கள். இன்னொன்று கேட்டாள், மறுபடி ‘உஷ்’. அதற்குப் பிறகுதான் போன் வந்தது. போன் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தொல்லைதான், மறுக்கவில்லை. என் வீட்டிலும் அதே சண்டை. ஆனால் அந்த இரவின் குற்றத்தைப் போனின் தலையில் கட்ட முடியாது. 1989 முற்றத்தில் யாராவது வாயை மூடிக்கொண்டு பார்த்தார்களா? ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் ஊரே கத்திக்கொண்டிருந்திருக்கும்.

அவளுடைய முதல் கேள்விக்கு வருவோம். அவள் சொன்னது சரி. அந்தப் படத்தில் இந்தியக் கிராமம் என்று காட்டப்படுகிற இடத்தில் ஆட்கள் கதைப்பது சிங்களம். கதை நடப்பது 1935இல், இந்தியாவில். ஆனால் அங்கே எடுக்க இந்திய அரசு விடவில்லை. திரைக்கதையைப் படித்துப் பார்த்து, மாற்றங்கள் கேட்டது, இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கண்டிக்கு வந்தார்கள். 1983 சித்திரையில் படப்பிடிப்புத் தொடங்கியது. (ஆடிக் கலவரத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. நமக்கு 83 என்றால் அப்படித்தான்.) கிராமத்துப் பெரியவராக வந்து, களவுபோன புனிதக் கல்லைத் தேடித் தரும்படி கேட்பவர் டி. ஆர். நாணயக்கார, சிங்களத் திரையின் மூத்த நடிகர். பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பிள்ளை, ஆங்கிலப் படத்துக்குள் அதைப் பிடித்துவிட்டாள். அந்த அறையில் படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் அவள் ஒருத்திதான்.

இன்னும் ஒன்றை அவளுக்குச் சொல்லுங்கள், உங்களுக்கும் இது பிடிக்கும். அந்தக் கயிற்றுப் பாலம், விக்ரோறியா அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்துக்குக் கிட்ட, ஒரு பள்ளத்தாக்கின் மேல் உண்மையாகவே கட்டப்பட்டது. கட்டிக் கொடுத்தவர்கள் அணையில் வேலை செய்த பொறியியலாளர்கள். கயிறாகத் தெரிவதற்குள்ளே உருக்குக் கம்பி. அதை அறுத்து விழுத்துவது ஒரே ஒரு தரம்தான் முடியும் என்பதால், பல கமராக்களை வைத்து ஒரே தடவையில் எடுத்தார்கள். விழுகிற ஆட்கள் எல்லாம் பொம்மைகள். அந்த அணை மறிக்கிற ஆறு எது? மகாவலி. அது கடலில் வந்து சேர்வது எங்கே என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் அதன் கழிமுகத்தில்தான் தூண்டில் போட்டிருப்பீர்கள்.

இரண்டாவது கேள்வி பெரியது. “பத்திரகாளி அம்மன் கெட்டவவா?” இதற்கு ‘உஷ்’ என்றதைத்தான் திருத்த வேண்டும். அவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றாமலே கும்பிட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு அவ, அம்மன். திரையில் அதே அம்மனுக்கு முன்னால் மனிதரை நெருப்பில் இறக்குகிறார்கள். கேள்வி வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பதில் நேராக இருக்கட்டும்: “இல்லை பிள்ளை. படம் எடுத்தவைக்குக் காளியைத் தெரியாது. வெள்ளைக்காரர் இந்தியாவை ஆண்டபோது எழுதிவைச்ச பயங்கரக் கதையளை வைச்சு எடுத்தவை. அப்பாவுக்குப் பிடிச்ச படத்திலயும் பிழை இருக்கு.” இந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். படத்தைக் குறை சொன்னால் அப்பாவைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று. ஆகாது. அந்தப் பிழையை முதலில் கண்டுபிடித்துப் ‘பூதம்’ என்று மாற்றியவர் அவர்தான்.

கூட வருகிற சின்னப் பொடியனைப் பற்றியும் சொல்லலாம். கீ ஹுய் குவான், அப்போது 12 வயதுப் பிள்ளை. வியட்நாமில் பிறந்து, குடும்பத்தோடு அகதியாக வெளியேறி, ஹொங்கொங் முகாமில் இருந்து அமெரிக்கா போனவர். பெரியவரானதும் நடிக்க வாய்ப்பில்லாமல் நெடுங்காலம் திரைக்குப் பின்னால் வேலை செய்தார். 2023இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. ‘எங்கட ஊர்ப் பொடியன்’ என்று உங்கள் அப்பா சொன்னதில் பெரிய பொய்யில்லை.

மனைவி கட்டிய நூல்

இதில் நான் உங்கள் மனைவி பக்கம். பயந்த பிள்ளைக்குக் கையில் தொட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்று மேலே சொன்னேன். அவர் அதைச் செய்திருக்கிறார். அதுவும் எந்தக் கோயிலில் என்று பாருங்கள். திரையில் கொல்ல வந்த காளியின் பெயரைச் சொல்லியே, காக்க ஒரு நூல். நான் யோசித்தாலும் இவ்வளவு பொருத்தமாக ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்றை மட்டும் வீட்டில் பேசி ஒத்துக்கொள்ளுங்கள்: “சொல்வழி கேட்காட்டி அம்மன் தண்டிப்பா” என்ற பேச்சு இந்தக் கொஞ்ச நாளைக்கு ஒருவர் வாயிலும் வரக்கூடாது. நூல் தானாக நைந்து விழட்டும். நீங்கள் அறுக்க வேண்டாம். இரண்டு நாள் கதைக்காமல் இருந்ததற்கு நீங்கள் முதலில் போய்க் கதையுங்கள்.

படத்தை இனி என்ன செய்வது

மகனுக்கு இப்போது வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவனே கேட்டால் பார்க்கலாம். அந்த வரிசையின் முதற்படம் மென்மையானது என்று நினைத்து அதைப் போட்டுவிடாதீர்கள். அதன் முடிவில் முகங்கள் மெழுகாக உருகும். மகள் விரும்பினால் அவளோடு மட்டும், பகல் நேரத்தில், கையில் றிமோட்டோடு பார்க்கலாம். அவள் நிறுத்தச் சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். அவள் தனக்குப் பிடித்த ஒன்றை உங்களுக்குப் போட்டுக் காட்டட்டும். எனக்கு என் மகள் காட்டிய கொரிய நாடகம் பதினாறு அங்கம், ஐந்தாவதில் நானும் அழுதேன்.

ஆனால் உங்கள் அப்பாவின் படத்தைக் காட்டத் திரை தேவையில்லை. ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் இரண்டு பேரையும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். கோட்டை வாசலில் மான்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். சின்னவன் அங்கேயே நின்றுவிடுவான். மேலே ஏறி, இராவணன் வெட்டுப் பக்கம், தொட்டில் கட்டிய மரத்தடியில் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே கடலைக் காட்டுங்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்ததும், தூண்களும் கற்களும் கடலுக்குள் போனதும் உங்களுக்குத் தெரிந்த கதை. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் அந்த மலையடியில் சுழியோடி, கடலுக்கடியில் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். அங்கிருந்து வந்த லிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது.

இப்போது உங்கள் அப்பா சொன்னதை மறுபடி வாசியுங்கள். “வெள்ளைக்காரன் லிங்கத்தைக் கொண்டுபோயிட்டான். இவர் நல்ல வெள்ளைக்காரர், தேடிக் கொண்டுவாறார்.” அவர் அந்தச் செய்தி ஊரெல்லாம் பேசப்பட்ட காலத்தில் இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர். படத்தில் வருகிற கல்லையும் பாருங்கள்: உருண்டையாக, நெற்றியில் திருநீறு பூசிய மாதிரி மூன்று கோடு. ஆங்கிலம் விளங்காத மனிதர் அதைக் கண்டதும் கோணேசர் லிங்கம் என்று பிடித்துக்கொண்டார். இது என் ஊகம்தான். ஆனால் அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கதையை அங்கே நின்று, அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். ‘உஷ்’ இல்லாமல். மகள் குறுக்கே கேட்பாள், கேட்கட்டும். பூதம் வருகிற இடத்தில் சின்னவனை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். அப்பப்பா எங்கே என்று ஒருவேளை அன்றைக்கே கேட்பார்கள். எவ்வளவு சொல்லலாம் என்பதை முன்கூட்டி மனைவியோடு பேசி வையுங்கள். “போனவர், வரேல்லை, நாங்கள் தேடினோம்” என்ற அளவு ஏழு வயதுக்குப் போதும். பதினொரு வயது இன்னும் கேட்கும். அந்த நேரத்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்தால் அதை மறைக்க வேண்டாம். அதற்குப் பிறகும் உங்களுக்கே நித்திரை வராத இரவுகள் கூடினால், மகனுக்குச் சொன்ன அதே இலக்கம் உங்களுக்கும்தான்.

இரண்டு சின்ன வேலை மிச்சம். நீங்கள் எடுத்த வீடியோ குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போய், மாமாமார் எல்லாம் சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகன் அதைக் கண்டுவிட்டான் என்றும். அதை இன்றைக்கே அழியுங்கள், மற்றவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அழித்ததை அவனுக்குக் காட்டி, “அப்பா செய்தது பிழை” என்று சொல்லுங்கள். இதயம் அடிக்கிறதா என்று அவன் அம்மாவிடம் மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றது, கோணேசருக்குப் போவதற்கு முன் அக்காவுக்கு ஒரு கோல் எடுங்கள். நீங்கள் மடியில் நித்திரையாகிவிட்டீர்கள், அக்கா விழித்திருந்திருப்பார். லிங்கம் கடைசியில் எப்படிக் கோயிலுக்குத் திரும்பி வந்தது என்று அப்பா சொன்னார் என்று கேளுங்கள். இங்கே பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தால் அங்கே காலை, வேலைக்குப் போகுமுன் பிடிக்கலாம்.